ஏரியில் இல்லாத கட்டை

பச்சை விளக்கைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

நாம் எல்லோருமே ஓடுபாதையில் இறங்கக் கற்றுக்கொண்டு வந்தவர்கள். சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டால் முன்பலகையில் பச்சை எரியும். அதைப் பார்த்ததும் தோள் தளரும், மூச்சு ஓர் இழை நீளும். அப்படித் தளர்ந்து பழகிய தோளோடுதான் நான் நீர்விமானத்துக்கு வந்தேன். நீங்களும் அப்படித்தான் வருகிறீர்கள். மிதவைகளுக்குள் சக்கரத்தை ஒளித்து வைத்திருக்கும் இந்தச் சின்ன விமானத்தில் நான்கு பச்சை என்றால் தரைக்குத் தயார், நான்கு நீலம் என்றால் தண்ணீருக்குத் தயார். நான்கு பச்சையோடு தண்ணீரைத் தொட்டால் சக்கரம் நீரைக் கவ்வும். மூக்கு உள்ளே போகும், வால் தலைக்கு மேலே வரும், இமை மூடித் திறப்பதற்குள் வானம் காலடியில் கிடக்கும்.

இதெல்லாம் உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் இல்லாத ஒரு வியாழக்கிழமையும், அதை அடுத்து வந்த மூன்று நாட்களும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைத் தருகிறேன். வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்குத் தண்ணீரைக் கற்றுத்தந்தவர் ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தார். இறங்குவதற்கு முன் இரண்டு விமானிகளும் அவரவர் வாயால் மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும்: ‘இது தண்ணீர். சக்கரம் மேலே. என் பக்கம் பார்த்துவிட்டேன்.’ மூன்றாவதைச் சொல்லும்போது ஜன்னல் வழியே மிதவையை எட்டிப் பார்த்திருக்க வேண்டும். விளக்கை மட்டும் பார்த்துச் சொன்னால் முழங்கையில் ஒரு தட்டு விழும். பதினொரு வருடம் அந்த மூன்றையும் சொல்லாமல் நான் நீரைத் தொட்டதில்லை. தீவுகள், காயல்கள், அணைத் தேக்கங்கள், கறுப்பு நீர், பச்சை நீர், கண்ணைப் பறிக்கும் வெள்ளி நீர். சொல்லாமல் தொட்டது ஒரே ஒரு தண்ணீரை. அது என் ஊர்த் தண்ணீர்.

ஆரணிக்காரன் நான். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். பக்கத்து வீட்டு விசைத்தறி இந்த வரிகளுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஏரிகளில் சிறிய விமானம் இறக்கிப் பார்க்கும் சோதனைப் பயணங்களை எங்கள் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பட்டியலில் சேவூரை ஒட்டிய ஏரி ஒன்று இருந்தது. யார் ஓட்டுவது என்று கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே போய்விட்டது. சொந்த ஊரில் இறங்கும் வேலை வந்தால் இன்னொருவருக்குக் கொடுங்கள். இதைக் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். நானும் கேட்டிருக்க மாட்டேன்.

எங்கள் பக்கத்து ஏரிகள் வெயிலில் காடாகிவிடும். உள்ளே கருவேல மரங்கள் வளர்ந்து நிற்கும். வெட்டி எடுத்த பிறகு கட்டைகள் மட்டும் சேற்றில் மிஞ்சும். மழை வந்து நீர் நிறைந்தால் எல்லாம் மறைந்து, மேலே ஒரு கண்ணாடி விரித்தது போல இருக்கும். அந்தக் கண்ணாடிக்குக் கீழே ஒரே ஒரு கட்டை இருந்தாலும் போதும், மிதவை கிழிந்துவிடும். ஆகவே ஏரியின் தரையை அறிந்த ஒருவர் எங்களுக்குத் தேவைப்பட்டார். அவர்தான் கன்னியப்பன். தெர்மாகோல் பலகை ஒன்றில் குப்புறப் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு முப்பது வருடமாக அந்த ஏரியில் வலை விடுகிறவர். சித்திரையில் ஏரி வறண்டபோது நாங்கள் காட்டிய ஒரு கிலோமீட்டர் பாதையை அவர் வெறுங்காலால் நடந்து நடந்து அளந்தார். காலில் தட்டிய ஒவ்வொரு கட்டையையும் ஆள்வைத்துத் தூரோடு தோண்டி எறிந்தார். மழைக்குப் பிறகு பாதையின் இரு பக்கமும் ஆரஞ்சு நிறப் பந்துகளைக் கட்டி மிதக்கவிட்டதும் அவர்தான்.

‘ஊசி கெடந்தாகூட என் காலுக்குத் தெரியும் கேப்டனு,’ என்றார். ‘நீங்க தைரியமா எறங்குங்க.’

இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். ஏகாம்பரம். பட்டுக்கடை வைத்திருப்பவர், ஏரிச் சங்கத்தின் தலைவர், கரையில் நடக்கவிருந்த வரவேற்புக்கும் அவரே தலைவர். முந்தின நாள் மாலை போன் செய்தார்.

‘கேப்டனு, ஒரே ஒரு ஆச. சக்கரத்தையும் காட்டிட்டுப் போங்க. சக்கரம் வெச்ச படகு பறந்து வருதுடான்னு சொல்லி வெச்சிகீறேன். ஒருத்தனும் நம்ப மாட்றான். தலைவரு ரீல் வுடறாருன்றானுங்க.’

‘காட்டிட்டா போச்சி,’ என்றேன்.

மார்கழி மாதம், காலை பத்து மணி. ஏரி நிறைந்து, மிகுந்த நீர் கோடி வழியே வழிந்துகொண்டிருந்தது. கரை முழுக்கத் தலைகள், வண்டிகள், பள்ளிச் சீருடைகள். என் வலப்பக்கம் துணை விமானி நந்தினி, கோவைப் பெண், பணிக்கு வந்து ஒரு வருடம். கொடுத்த வாக்கின்படி சக்கரத்தை இறக்கிக் கரையோரமாகத் தாழ்வாக ஒரு முறை போனேன். நான்கு பச்சை. ‘சக்கரம் கீழே, தரைக்குத் தயார்’ என்று எச்சரிக்கைக் குரல் காதில் சொல்லத் தொடங்கியது. தெரியுமடி என்று பொத்தானை அழுத்தி அதை அடக்கினேன். வேகம் கூடிக் குறைந்தால்தான் அது மறுபடி பேசும். நான் வேகத்தைக் கூட்டவில்லை. ஊர்க்கண் என்னை விட்டு அகலக்கூடாது என்று சின்ன வட்டமாகத் திரும்பினேன். கீழே என் தெரு, நான் படித்த பள்ளி, எங்கள் கோயிலின் சிலுவை, கரை மேல் ஒரு நீலக் குடை.

‘அதோ, அந்த நீலக் குடை எங்கம்மா,’ என்று நந்தினியிடம் காட்டினேன்.

மூன்று வாக்கியம் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் அந்த ஒன்றைத்தான் சொன்னேன். முன்பலகையைப் பார்த்தேன். பச்சை. தோள் தளர்ந்தது.

நந்தினி, ‘சார்...’ என்றாள்.

நான் கையைத் தூக்கினேன், கொஞ்சம் இரு என்பது போல. நீர் வந்துவிட்டது.

தண்ணீர் அடித்த அடி உங்களுக்கு வேண்டாம். அது காதுக்கு ஓசையாக வரவில்லை, எலும்புக்குள் வந்தது. பிறகு பழுப்பு இருட்டு. மூக்கில் சேறு, பெல்ட்டில் தொங்கும் உடல், எது மேல் எது கீழ் என்று தெரியாத ஒரு முட்டைக்குள் மாட்டிக்கொண்டது போன்ற நெருக்கம். அந்த இருட்டில் ஒரு விஷயம் மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது: சக்கரம். உடனே தெரிந்தது. யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது. தோளில் ஏதோ முறிந்தது. வெளியே வந்து காலை ஊன்றினால் தண்ணீர் மார்பளவுதான். வேண்டுமென்றே ஆழமில்லாத இடத்தில்தான் பாதையை அமைத்திருந்தோம். ஆனால் தலைகீழாக மாட்டிக்கொண்டவருக்கு மார்பளவு நீரும் போதும். இழுத்த கை, பந்துகளின் ஓரம் பலகையில் காத்திருந்த கன்னியப்பனுடையது. என்னை நிற்க வைத்துவிட்டு மறுபடி மூழ்கினார். வந்தார், மூச்சு வாங்கினார், மூழ்கினார். மூன்றாவது முறை நந்தினியோடு வந்தார். அவள் நெற்றியில் ரத்தம், வாயில் ஏரி. இருமினாள். அந்த இருமலைவிட இனிய ஓசையை இந்தத் தொழிலில் நான் கேட்டதில்லை.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும் முன் மருத்துவமனையில் என் கட்டிலருகே வந்து அவள் சொன்னதை இங்கே எழுதியாக வேண்டும்.

‘நான் பச்சையைப் பார்த்துட்டேன். சொல்ல வந்தேன். முதல்ல சார்னு வந்துடுச்சு. அதுக்கப்புறம் நேரமில்ல.’

யோசித்துப் பாருங்கள். வீட்டில், பள்ளியில், அலுவலகத்தில், பெரியவர்களிடம் எதையும் சொல்லும் முன் ஒரு விளிச்சொல் வைக்கத்தான் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். சார், ஐயா, அண்ணா, மேடம். விளித்துவிட்டு, அவர் முகம் திரும்பும் வரை காத்திருந்து, பிறகுதான் விஷயம். தரையில் அது நல்ல பழக்கம். நீருக்கு மேல் ஐம்பது அடியில் அந்த ஒரு சொல்தான் நமக்கு மிஞ்சிய நேரம் முழுவதும். ஆகவே வலப்பக்கம் உட்காரும் உங்களுக்கு: ‘சக்கரம்!’ என்று கத்துங்கள். மரியாதையைக் கரையேறிய பிறகு வைத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் உட்காரப்போகும் உங்களுக்கு: இறங்கும் நேரத்தில் எவருக்கும் கை காட்டி நிறுத்தாதீர்கள். நான் தூக்கிய அந்தக் கை இன்னும் எனக்குக் கனவில் வருகிறது. வலது கை, விரல்கள் அழகாகச் சேர்ந்து, ஆசி வழங்குவது போல.

இதோடு முடிந்திருந்தால் இது எல்லோருக்கும் நடக்கும் விபத்து. உங்கள் முன் வைக்கத் தனியாக எழுதியிருக்க மாட்டேன்.

வியாழன் மாலையே என் கட்டிலைச் சுற்றி ஊர் கூடிவிட்டது. அம்மா தலைமாட்டில். எழுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை, பாதி ஊருக்கு அவர் டீச்சரம்மா.

‘கட்டதான்டா சாமு. நான் பாத்துகினுதான இருந்தேன்? நீ அழகாத்தான் வந்த. அடியில ஏதோ புடிச்சி இஸ்துடுச்சி. கர்த்தர் காப்பாத்தினாரு.’

‘கட்டையேதான்,’ என்றார் ஏகாம்பரம்.

‘அப்ப சக்கரம் வெளிய நீட்டிகினு இருந்துச்சே?’ என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

‘அது கவுந்தப்போ தானா வந்துச்சிய்யா. நானே பாத்தேன். இவரு இன்னா நேத்து வண்டி ஓட்டக் கத்துகினவரா?’ என்றார் ஏகாம்பரம்.

‘கன்னியப்பன்தானே ரெண்டு பேரையும் தூக்கினான்?’

‘தூக்கினான் சரி. கட்டைய வுட்டவனும் அவன்தானே? ஊரு மானமே போச்சி.’

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வலி இருந்தது, கண்ணை மூடும் அளவுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை அதிகாரி வந்தார். அவரிடம் நான் எதையும் மறைக்கவில்லை. சக்கரம் கீழே இருந்தது. எச்சரிக்கையை அடக்கியது நான். வாய்விட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. பாதையில் தடை எதுவும் இல்லை. இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டேன். ‘நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி,’ என்றார் அவர். அறிக்கை வெளிவர ஒரு வருடமாவது ஆகும் என்றும் சொன்னார். குளித்து முடித்தவன் போல இருந்தது எனக்கு. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன். சாயங்காலம் வந்தவர்களும் கட்டையைப் பற்றித்தான் பேசினார்கள். நான் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை பிற்பகல் கன்னியப்பன் வந்தார். அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றார். அவர் பாதங்களைப் பார்த்தேன். தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்து, தோல் சுருங்கி, விரலிடுக்கில் வெடிப்பு விட்டிருந்தது.

‘கவுந்த எடம் தெரியும். மொதல்ல எங்க இடிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க கேப்டனு. கோடியிலர்ந்து எத்தினி தூரம்? எந்தப் பந்துகிட்ட?’

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

‘அன்னிக்கு மத்தியானத்துலர்ந்து காலால தடவிக்கினே கீறேன். இந்த மொனையிலர்ந்து அந்த மொன வரைக்கும் நாலு வாட்டி நடந்துட்டேன். ஒண்ணும் மாட்ல. நாளைக்குச் சங்கத்துல கூப்ட்டுகீறாங்க. இனிமே ஏரில எறங்காதன்னு சொல்லப் போறாங்களாம். கட்ட இருந்தா என் தப்புதான், நான் ஒத்துக்கிறேன். ஆனா அது எங்க கீதுன்னு எனக்குத் தெரியணும். என் காலுக்கே தெரியாம ஒரு கட்ட இருந்துச்சின்னா, அப்பால நான் எத நம்பி அந்தத் தண்ணில எறங்கறது?’

இரண்டு நாளாக அவர் தன் காலைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். என்னைச் சந்தேகப்படவே அவருக்குத் தோன்றவில்லை.

‘கட்டையே இல்லிங்கண்ணா,’ என்றேன். ‘சக்கரம் கீழ இருந்துச்சி. நான் மேல எடுக்கல.’

‘எப்பத் தெரியும்?’ என்றார்.

‘அப்பவே. தண்ணிக்குள்ள தலகீழா இருந்தப்பவே.’

‘நேத்து ஆபீசரு வந்தாராமே?’

‘அவர்கிட்ட எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன்.’

‘அது எங்க போவும்?’

‘தில்லிக்கு. ஒரு வருசத்துல அறிக்கையா வரும்.’

‘இங்கிலீஷ்லயா?’

‘ஆமா.’

சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதைவிட இன்னொரு முறை கவிழ்ந்துவிடலாம்.

‘ஒரு வருசம் கழிச்சி தில்லியிலர்ந்து ஒரு பேப்பர் வந்து, கன்னியப்பன் காலு நல்ல காலுன்னு இங்கிலீஷ்ல சொல்லும். அத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது, வறுத்துத் துன்றதா? டீச்சரம்மா பேசினாங்க, தலைவரு பேசினாரு. நீங்க எல்லாத்தையும் கேட்டுகினு கம்முனு படுத்துகினு இருந்தீங்க.’ வாசல் வரை போய்த் திரும்பினார். ‘கரையிலயும் நின்னு சொன்னாங்க. நீங்களும் கரையில நின்னு சொல்லுங்க.’

நம் தொழிலில் தவறை ஒத்துக்கொள்ள ஒழுங்கான வழி வைத்திருக்கிறார்கள். படிவம் இருக்கிறது, இரகசியம் காப்பார்கள், தண்டிக்காமல் கற்றுக்கொள்வதே நோக்கம் என்பார்கள். அது நல்ல ஏற்பாடு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் செய்ததைக் கவனியுங்கள். எந்த இடத்தில் உண்மையைச் சொன்னால் எனக்கு வலி குறைவோ அந்த இடத்தில் முழுதாகச் சொன்னேன். நீலக் குடை நின்ற இடத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்த இரண்டு நாளும் ஒரு மனிதர் தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மருத்துவர் தடுத்தும் கையெழுத்துப் போட்டுவிட்டு, தோள்கட்டோடு ஆட்டோ ஏறினேன். கவிழ்ந்த விமானத்தை முந்தின நாளே இழுத்துக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே நாற்காலிகள் போட்டுச் சங்கக் கூட்டம். ஐம்பது பேர் இருப்பார்கள். ஆராதனை முடிந்து அம்மாவும் வந்திருந்தார். கன்னியப்பன் நாற்காலிகளுக்குப் பின்னால், தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

‘தலைவரே, நான் மொதல்ல பேசணும்,’ என்றேன். பேசினேன். அதிகாரியிடம் சொன்ன அதே நான்கு விஷயம், எங்கள் ஊர்ப் பேச்சில். ‘கட்டை இல்ல. சக்கரத்த மேல எடுக்காம எறக்கினது நான். கன்னியப்பண்ணன் போட்ட பாதையில ஒரு குறையும் இல்ல.’

ஏகாம்பரம் எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

‘பாத்தீங்களா! இதான்யா நம்ம ஊரு ரத்தம்! ஒரு ஏழை பொழப்பு கெட்டுடக் கூடாதுன்னு பழியத் தூக்கித் தன் மேல போட்டுக்கறாரு!’

கைதட்டல். வியாழக்கிழமை போர்த்த வைத்திருந்த பட்டுச் சால்வை எங்கிருந்தோ வந்து என் தோள்கட்டின் மேல் விழுந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ‘சின்னதுலர்ந்தே அவன் அப்படித்தான்,’ என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

உண்மையைச் சொல்லிப் பாராட்டு வாங்கிய அவமானம் உங்களில் யாருக்கும் வரவேண்டாம். நான் பெரிய மனிதனாகிவிட்டேன், கட்டை அப்படியே தண்ணீருக்குள் இருந்தது. கன்னியப்பன் என்னைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சால்வையை எடுத்து நாற்காலியில் வைத்தேன். செருப்பைக் கழற்றினேன். கோடிப் பக்கம் ஆழம் குறைவு, பாதையும் அங்கிருந்துதான் தொடங்கும். நேராகத் தண்ணீரில் இறங்கினேன்.

‘கேப்டனு, எங்க போறீங்க?’

‘கட்டையத் தேட. எல்லாரும் வாங்க. காலுல தட்டுச்சின்னா அவரு தப்பு. தட்டலன்னா என் தப்பு. இன்னிக்கே முடிச்சிடலாம்.’

‘அய்ய, கையில கட்டோட... பேஜாராயிடும், ஏறுங்க மேல!’

‘நீங்கதான் பாத்தேன்னு சொன்னீங்க தலைவரே. வந்து காட்டுங்க.’

ஒருவரும் நகரவில்லை. என் பின்னால் தண்ணீர் கலங்கும் சத்தம். கன்னியப்பன் இறங்கி வந்துகொண்டிருந்தார். தன் தெர்மாகோல் பலகையை என் நல்ல கைக்கு அடியில் தள்ளிவிட்டு, எனக்கு ஓர் ஆள் தள்ளி நின்றுகொண்டார்.

கரையில் ஒரு பெண் குரல்: ‘போங்க தலைவரே! உங்க வேட்டி பட்டு இல்லியே, சாயம் ஒண்ணும் போவாது!’

சிரிப்பு வெடித்தது. ஏகாம்பரத்துக்கு வேறு வழியில்லை. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். தலைவர் இறங்கியதும் பத்துப் பன்னிரண்டு பேர் ஜல்தியாக இறங்கினார்கள். ஆரஞ்சுப் பந்துகளுக்கு இடையே தோளோடு தோளாக வரிசை கட்டி, காலைத் தூக்காமல் சேற்றில் தேய்த்தபடி நடந்தோம். மார்கழித் தண்ணீர் எலும்பைத் தொட்டது. தோள் தீயாக எரிந்தது. ஒவ்வொரு பந்தாகக் கடந்தோம்.

‘தட்டுச்சா?’

‘இல்ல.’

‘உனக்கு?’

‘நத்தைதான்.’

திடீரென்று ஏகாம்பரம் காணாமல் போனார். அவர் நின்ற இடத்தில் குமிழிகள் மட்டும். கன்னியப்பன் கையை உள்ளே விட்டுச் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். ஏகாம்பரம் இருமி, துப்பி, தலையை உதறினார்.

‘பள்ளம்யா, பள்ளம்!’

‘இது சித்திரையில இல்ல,’ என்றார் கன்னியப்பன். ‘விமானம் மூக்கக் குத்தின பள்ளம். அதும் மேலயே கவுந்து கெடந்துச்சி, அதான் எங் காலுக்கு மாட்ல. அப்ப இதான் எடம். தேடுங்க தலைவரே. ரெண்டு காலாலயும் நல்லாத் தேடுங்க. எல்லாரும் தேடுங்க.’

தேடினார்கள். பள்ளத்தைச் சுற்றி, பிறகு அதற்கு வெளியே, இன்னும் வெளியே. ஒருவர் மூழ்கிக் கையால் துழாவினார். சேறு, நத்தை, ஓர் அறுந்த வலைத் துண்டு.

ஏகாம்பரம் என் பக்கத்தில் வந்தார். நனைந்த மீசைக்குக் கீழே குரல் சின்னதாகியிருந்தது.

‘அப்ப சக்கரம்... கேப்டனு, நான்தானே காட்டச் சொன்னேன்?’

‘காட்டச் சொன்னது நீங்க. காட்டின பிறகு உள்ள இழுக்காதது நான். உங்க மேல ஒண்ணும் இல்ல.’

அவர் கன்னியப்பனைப் பார்த்தார். ‘கட்ட இல்லப்பா,’ என்றார்.

‘எனக்குத் தெரியும். மேல ஏறி நின்னு சொல்லுங்க.’

திரும்பி நடந்தோம். கரையோரம், கணுக்கால் நீரில், அம்மா நின்றுகொண்டிருந்தார். சேலைக்கரை நனைவது அவருக்குத் தெரியவில்லை. நான் அருகே வரும்வரை காத்திருந்து, மெதுவாகக் கேட்டார்.

‘சக்கரத்த மறந்துட்டியாடா சாமு?’

‘மறந்துட்டேம்மா.’

கரைப் பக்கம் திரும்பினார். நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பை ஒரே அதட்டலில் அடக்கிய அந்தப் பழைய குரல் வெளியே வந்தது.

‘எல்லாரும் கேட்டுக்குங்க. ஏரில கட்ட இல்ல. எம் புள்ளதான் மறந்துட்டான்.’ பிறகு கன்னியப்பனிடம் திரும்பினார். ‘கன்னியப்பா, கட்டன்னு மொதல்ல சொன்னது நான்தான்.’

‘தெரியுங்க டீச்சரம்மா,’ என்றார் கன்னியப்பன். ‘எனக்கும் கேட்டுச்சி.’

என் பக்கம் வந்து, நல்ல கைக்கு அடியில் இருந்த பலகையைப் பிடித்தார்.

‘வுடுங்க, நேரமாச்சி. மூணு நாளா வலை காயுது.’

விட்டேன். அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு பலகையில் குப்புறப் படுத்தார். மேலே ஏகாம்பரம் வேட்டியைப் பிழிந்துகொண்டே கூட்டத்தைத் தொடங்கலாமா என்று கேட்டார். யாரோ ஒருவர் நாற்காலிகளை மடித்து அடுக்கத் தொடங்கினார். கன்னியப்பன் அதற்குள் பாதி ஏரி போயிருந்தார்.